சுற்றிவர இடமுள்ள வீடு

அத்தியாயம் பதினொன்று

“செக்காலைக்குப் போறோம்னா செக்காலைக்குத்தான் போறோம், அயித்தை. அந்த வீடுதான் நம்ம கைக்கு…”

“கைக்கு எட்டும், மூக்குல இடிக்கும். பக்கத்து வீட்டுக்காரன் இருமினா ஒன் சொவரு அதிரும். மானகிரிக்குப் போங்கங்கிறேன், காதுல விழுகலை…”

“மானகிரி வீடு என்ன வெலைன்னு தெரியுமா ஒங்களுக்கு? நம்ம கிட்ட இருக்கிறதுக்கு அந்த வீட்டு வாசக்கதவு கூட வராது…”

“வெலையை நீ எதுக்குப் பேசுறே? நீ சம்பாதிச்சியா?”

“நான் சம்பாதிக்கலை. சம்பாதிக்கக் கடல் தாண்டிப் போனவுக எல்லாம் கப்பல்ல வெறுங்கையோட எறங்குனாக.”

“என் புருஷனைப் பேசாதே.”

“ஒங்க புருஷனை யாரு பேசுனா? ஊர்ல பாதிப்பேரு அப்படித்தான் எறங்குனாக.”

அடுத்த அடுப்பில் குழம்பு கிளறிக்கொண்டிருந்த பங்காளி வீட்டு ஆச்சியின் கரண்டி நின்றது. கேட்காத மாதிரி கேட்பதற்கு அந்த வீட்டில் எல்லோருக்கும் பழக்கம் உண்டு. ஒரே வரிசையில் அடுப்புகள். ஒவ்வொரு அடுப்பும் ஒரு குடும்பம். யார் வீட்டில் இன்றைக்கு எண்ணெய் குறைவு, யார் வீட்டில் காய் இல்லை என்பது மூடி திறக்கும் முன்பே மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மாமியாரோடு மல்லுக்கு நின்ற நாச்சியம்மை அந்த வரிசையில் கடைசி அடுப்புக்காரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஆசைதான். என்ன குழம்பு என்று ஒருத்தரும் கேட்காமல் ஒரு நாள் சமைக்க வேண்டும்.

அதற்குக் காலம் வந்தது, வேறு விதமாக. கண்டனூரில் இந்தப் பெரிய வீட்டைக் கொடுத்துவிடுவதென்று பங்காளிகள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வாங்கியவர் குடியிருக்க வாங்கவில்லை. தேக்குத் தூண், நிலை, உத்தரம் எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுபோக வாங்கினார். தை பிறந்ததும் ஆட்கள் கூரையில் ஏறுவார்கள். மற்ற பங்காளிகளுக்கு மெட்ராஸிலும் கோயமுத்தூரிலும் வீடு இருந்தது. மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். போக இடமில்லாமல் நிற்பது நாச்சியின் புருஷன் சோமுவின் குடும்பம் ஒன்றுதான்.

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் சோமுவுக்குக் கணக்கு வேலை. வீட்டில் அவனுக்கு வரவேண்டிய பங்கையும் நாச்சியின் கழுத்துச் சங்கிலியையும் சேர்த்து, தனி வீடு ஒன்று தேடி அலைகிறார்கள். பார்த்த வீடுகளில் ஒன்றுக்குக் கிணறு இல்லை. ஒன்றுக்குப் பாதை இல்லை. ஒன்றில் எல்லாம் இருந்தது, வில்லங்கமும் இருந்தது.

சோமு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து நடுவில் நின்றான்.

“ரெண்டையும் பாத்துட்டு வருவோம். மொதல்ல மானகிரி.”

“ஆத்தா சொன்னா ஆச்சு” என்றாள் நாச்சி.

“பாக்கிறதுக்குக் காசா பணமா?”

“பஸ்ஸுக்குக் காசு. அதுவும் ரெண்டு பஸ்ஸு.”

தேனம்மை ஆச்சி மருமகளைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தாள். சட்டைக் காலரில் மடங்கியிருந்த இடத்தை இழுத்துச் சரிசெய்தாள். அப்படிச் செய்து வெகுநாள் ஆயிற்று.

“நல்ல வேட்டியாக் கட்டிக்கிட்டுப் போ” என்றாள்.

சோமுவுக்கு அது சந்தோஷமாக இருந்தது. வேட்டியை மாற்றிக்கொண்டான்.

* * *

மானகிரி வீடு ரோட்டிலிருந்து தள்ளி, நாட்டு ஓடு போட்டு, சின்னதாக உட்கார்ந்திருந்தது. சோமு வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனான். நாச்சி போகவில்லை. வலது பக்கமாகத் திரும்பி நடந்தாள். கிழக்கே ஒரு முருங்கை. பின்னால் கிணறு, துவைக்கிற கல். மேற்கே கொடி கட்ட இரண்டு கல்தூண். நடந்து நடந்து மறுபடியும் வாசலுக்கே வந்துவிட்டாள். ஒருவர் சுவரும் இவள் தோளில் படவில்லை.

இன்னொரு தடவை சுற்றினாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “மூணாவது சுத்தும் சுத்திட்டு வா. அப்புறம் உண்டியல்ல போடு.”

முக்காலியில் உட்கார்ந்திருந்தது நாகம்மை ஆச்சி. வெள்ளைச் சேலை. அறுபதைத் தாண்டிய உடம்பு, ஆனால் முதுகு வளையவில்லை. பங்காளிச் சண்டை வேண்டாமென்று அவள் புருஷன் ஊருக்கு வெளியே கட்டிய வீடு இது. கட்டி முடித்த வருஷமே அவர் போய்விட்டார். பிள்ளை கிடையாது.

நாச்சி வெட்கப்பட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“வீட்டுக்காரரு உள்ள வந்து பேசாம ஒக்காந்திருக்காரு. பொண்டாட்டி வெளியில சொவத்தைத் தடவிக்கிட்டுத் திரியுறா. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது அமையும்னு” என்றாள் நாகம்மை. “எந்தக் கோயில் நீங்க?”

சோமு தன் குலக் கோயிலைச் சொன்னான். நகரத்தாரில் இருவர் சந்தித்தால் தண்ணீர் கொடுக்கும் முன் கேட்கிற கேள்விதான் அது.

“இவுகளும் அதே கோயில்தான்.” சுவரிலிருந்த புருஷன் படத்தைக் காட்டினாள். “கூடப் பொறந்தவுக?”

“அண்ணன் ஒருத்தர், சத்தியமூர்த்தி. மெட்ராஸ்ல அச்சாபீஸ் வச்சிருக்காக.”

“அப்ப நீங்க ஒத்தப் பிள்ளை இல்லை. நல்லது.”

வீடு விற்கிறவளுக்கு இதில் என்ன நல்லது என்று நாச்சிக்குப் புரியவில்லை. விலைக்கு வந்தாள்.

“என்ன சொல்றீக ஆச்சி, வீட்டுக்கு?”

“நீ என்ன வச்சிருக்கே?”

நாச்சி மறைக்காமல் சொன்னாள். தொகையைச் சொல்லிவிட்டு, சங்கிலியையும் சொன்னாள்.

நாகம்மை சிரித்தாள். “அதுக்குக் கெணறு வரும். தண்ணி வராது.”

நாச்சி சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு எழுந்தாள். “நாங்க வாரோம் ஆச்சி. வீணா ஒங்களைப் பேச வச்சுட்டோம்.”

“ஒக்காரு. ரோசம் பிறகு படலாம். நான் பணம் கேட்டனா?”

“பணம் இல்லாம வீட்டை யாரு குடுப்பாக?”

“எனக்குப் பணம் வேணாம். பிள்ளை வேணும்.”

நாச்சியின் முகம் மாறியது. அவளுக்கு இருப்பது ஒரே பெண், அழகம்மை. பள்ளிக்கூடம் போயிருக்கிறது. “எங்களுக்குப் பொண்ணுதான ஆச்சி இருக்கு. ஆம்பளப் பிள்ளை இல்லையே. இருந்தாலும் பெத்ததை எப்படி…”

“ஒன் வயித்துல பொறந்ததை யாரு கேட்டா? இந்தா ஒக்காந்திருக்காரே, இவரைத்தான் கேக்கிறேன்.”

சோமு தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். சுவர்தான் இருந்தது.

பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, நகரத்தாருக்குப் புதிதல்ல. ஒரே கோயிலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். குழந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கல்யாணமாகி, பெண்டாட்டி பிள்ளையோடு கூடப் போயிருக்கிறார்கள். ஆனால் அதெல்லாம் வேறு வீடுகளில் நடந்து கேள்விப்பட்டது. வீடு பார்க்க வந்த இடத்தில் தன்னையே விலையாகக் கேட்பார்கள் என்று சோமு நினைத்திருக்கவில்லை.

“குடிக்கிற பழக்கம் உண்டா?” நாகம்மை நாச்சியிடம்தான் கேட்டாள்.

“அதெல்லாம் தொட மாட்டாக.”

“சீட்டு?”

“கிடையாது.”

“இருமல்?”

“மழைக்காலத்துல கொஞ்சம்…” என்று சோமு ஆரம்பித்தான்.

“மழைக்காலத்துல யாருக்குத்தான் இல்லை?” என்று நாச்சி முடித்தாள்.

“இல்லை, கேட்டுக்கிடணும். முந்தி ஒருத்தரைப் பாத்தேன், பள்ளத்தூர்க்காரரு. நல்ல மனுஷன். ராத்திரி தங்க வச்சுப் பாத்தா விடிய விடிய இருமல். எனக்கு முன்னால அவரு போயிட்டா, எனக்குக் கொள்ளி வைக்க நான் இன்னொருத்தரைத் தேடணும்.” சோமுவின் பக்கம் திரும்பினாள். “எந்திரிங்க. செத்த நடங்க.”

சோமு எழுந்தான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. ஜவுளிக்கடையில் முதலாளி கூப்பிட்டால் எழுந்திருக்கிற பழக்கமாக இருக்கலாம். கூடத்தின் அந்தக் கோடிக்கு நடந்துவிட்டு வந்தான்.

“வலது காலு இழுக்குதே.”

“சின்னதுல படியில விழுந்தது ஆச்சி. வேலைக்கு ஒண்ணும் கொறைவில்லை” என்று நாச்சி முந்திக்கொண்டாள்.

“கெணத்துல ஒரு வாளி எறைக்கச் சொல்லு. பாப்போம்.”

நாச்சி புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணில் ஏதோ இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி கிணற்றுப் பக்கம் திரும்பினாள்.

“எறைச்சுக் காட்டுங்க” என்றாள். “ஒரு வாளிதான.”

மாட்டுத்தாவணியில் பல்லைப் பிடித்துப் பார்க்கும்போது மாடு கூடத் தலையை ஆட்டும். சோமு ஆட்டவில்லை. நல்ல வேட்டியை மடித்துக் கட்டினான். இறைத்தான். தண்ணீர் வேட்டியில் தெறித்தது. இரண்டு பெண்களும் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மூச்சு வாங்கலை” என்றாள் நாகம்மை. “சரி.”

திரும்பி உட்கார்ந்ததும் அவள் விவரம் சொன்னாள். பலநாள் தனியாக இருந்து பேசிப் பார்த்த மாதிரி, தடங்கலில்லாமல் வந்தது.

“வீடு என் காலத்துக்கு அப்புறம் அவருக்கு. அதுவரைக்கும் முன்கட்டு எனக்கு. பின்கட்டும் கெணறும் அடுப்படியும் ஒனக்கு.”

“அடுப்படிக்குக் கதவு இருக்கா ஆச்சி?”

“இருக்கு.”

“உள்ளாற தாப்பா?”

“இருக்கு. போட்டுக்கிட்டு என்னமும் வறுத்துத் தின்னு. நான் கேக்க மாட்டேன்.”

நாச்சி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு அது போதும்.

“அவரு பேருக்கு முன்னால போடுற அப்பா விலாசம் மாறும். படத்துல இருக்கிற இவுக பேரு வரும். வருஷம் தவறாம இவுகளுக்குத் தெவசம் குடுக்கணும். எனக்கும், நான் போன பிறகு.”

சோமு அப்போதுதான் மறுபடி வாயைத் திறந்தான். “எங்க ஆத்தா?”

“எந்த ஆத்தா?”

அவன் வாசல் பக்கம், கண்டனூர்த் திசையில் கையைக் காட்டினான்.

“ஒங்களைப் பெத்தவுக கண்டனூர்ல இருக்காக. தெரியும். அவுக இங்க வரப்போக இருக்கக் கூடாது. ஒரு வீட்டுல ரெண்டு ஆத்தா வேணாம். அங்க நல்லது கெட்டதுன்னா நீங்க போங்க, வேணாங்கலை. பங்காளி போற மாதிரி போயிட்டு வாங்க. அவுக தலை சாஞ்சா நெருப்பு வைக்கிறது ஒங்க அண்ணன் வேலை. நீங்க துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு ஓரமா நிக்கலாம்.”

“ஆச்சி…”

“என்னை ஆச்சின்னு கூப்பிட ஒங்க பொண்டாட்டி இருக்கா. நீங்க ஆத்தான்னு கூப்பிடணும். இப்பக் கூப்பிடுங்க. காதுக்கு எப்படி இருக்குன்னு பாப்போம்.”

நாச்சி சோமுவை முழங்கையால் மெல்ல இடித்தாள். அவன் வாய் பாதி திறந்து மூடிக்கொண்டது.

“பழகணும்” என்றாள் நாகம்மை, பெருந்தன்மையாக. “ஒரே நாள்ல வருமா? ஆனா ஒண்ணு. பெத்தவுக சம்மதிக்கணும். வாய்ச்சம்மதம் போதாது. கூடத்துல பங்காளிக முன்னால, தன் கையால மஞ்சத்தண்ணியைக் குடுத்து, இனி இவன் ஒம் பிள்ளைன்னு ஒப்படைக்கணும். அவுக மாட்டேன்னா நான் வேற ஆளு பாக்கணும். எனக்கும் வயசாகுது.”

* * *

செக்காலைக்கு அவர்கள் போகவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசவுமில்லை. ரோட்டோரப் புளியமரத்து நிழலில் பஸ்ஸுக்கு நின்றார்கள். சோமுவின் வேட்டியில் கிணற்றுத் தண்ணீர் இன்னும் காயவில்லை.

“கெணறு நல்ல ஊத்து” என்றாள் நாச்சி. “கோடையிலயும் வத்தாதாம்.”

“ம்.”

“ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீக.”

“என்னை நடக்கச் சொன்னாக. நீ பாத்துக்கிட்டு இருந்தே.”

“நடந்தா கொறைஞ்சா போயிருவீக? கடையில நாள் முச்சூடும் நடக்கிறீக. கணக்கு வேலைன்னு பேரு, துணியைத் தூக்கிக்கிட்டு மாடிக்கும் கீழுக்கும். அங்க யாரு ஒங்களை ஒக்கார வச்சிருக்காக?”

“அது வேலை.”

“இது வீடு.” அவள் அவன் பக்கம் திரும்பினாள். “நான் சொல்றதைக் கோவிக்காம கேளுங்க. பதினஞ்சு வருஷமா அந்த அடுப்பு வரிசையில கடைசியில நிக்கிறேன். என் சோத்துல எத்தனை மிளகுன்னு எண்ணுனாக. ஆம்பளப் பிள்ளை பெறலைன்னு ஒங்க ஆத்தா நல்லநாள்ல என்னைப் பின்னால நிக்க வச்சாக. நீங்க என்னைக்காவது ஒரு வார்த்தை கேட்டீகளா? கேக்கலை. நானும் கேக்கலை. இன்னைக்கு ஒரு வீடு வருது. விட மாட்டேன்.”

“ஆத்தா ஒத்துக்க மாட்டாக.”

நாச்சி அவனை உற்றுப் பார்த்தாள். “மாட்டாகன்னு நெனைக்கிறீகளா? இல்லை, ஒத்துக்கிறக் கூடாதுன்னு நெனைக்கிறீகளா?”

சோமு பஸ் வரும் பக்கம் பார்த்தான். ஆனால் அவன் முகத்தில் பதில் இருந்தது. வயதில் பாதியை ஓட்டிவிட்ட மனிதன், பெற்றவள் தன்னை ஒருவருக்கும் கொடுக்கமாட்டாள் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் புளியமரத்தடியில் நின்றான்.

அண்ணன் மெட்ராஸ் போன நாளிலிருந்து ஆத்தாவோடு இருந்தது இவன்தான். காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது இவன். கண் மங்கியபோது மதுரைக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் பார்த்தது இவன். காலைக் காபி சூடு குறைந்தால் இவனைத்தான் திட்டுவாள். அதெல்லாம் கணக்கில் இல்லாமலா போகும்?

“மாட்டேன்னு சொல்லிட்டா, நீ ஆத்தாவைத் திட்டக் கூடாது” என்றான்.

“சொல்லட்டும் மொதல்ல” என்றாள் நாச்சி. தூரத்தில் பஸ் தெரிந்தது.

* * *

பெரிய வீட்டுக் கூடத்தில் மர வியாபாரியின் ஆள் செம்மலை, தூண்களுக்குச் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டுக்கொண்டிருந்தான். எந்தத் தூண் எந்த வண்டியில் ஏறவேண்டும் என்று அடையாளம். தேனம்மை ஆச்சி ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“செத்த நகருங்க ஆச்சி. இதுக்கும் போட்டுட்டா முடிஞ்சுபோகும்.”

“என் தலைக்கு மேல போடு. நான் எந்திரிக்க மாட்டேன்.”

அவன் அவள் தலைக்கு மேலே எழுதிவிட்டுப் போனான்.

சோமு வந்து எதிரே நின்றான். நாச்சி நிலைப்படியில் நின்றாள், உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல்.

“வீடு எப்படி?” என்றாள் தேனம்மை.

“நல்ல வீடு ஆத்தா. நாலு பக்கமும் எடம்.”

“வெலை?”

சோமு தரையைப் பார்த்தான். வரும் வழியெல்லாம் வார்த்தையைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தான். அத்தனையும் எங்கோ போய்விட்டது.

“அந்த ஆச்சிக்குப் பணம் வேணாமாம். அவுகளுக்கு… அவுக என்னைப் பிள்ளை கூட்டிக்கிடணும்கிறாக.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தான். ஆத்தா எழுந்து நிற்பாள் என்று எதிர்பார்த்தான். அவ கண்ணு அவிய என்று மண்ணை வாரித் தூற்றுவாள். வரிசையில் இருக்கிற ஆச்சிகளையெல்லாம் கூப்பிட்டு நியாயம் கேட்பாள். அவன் சமாதானம் சொல்வான்.

தேனம்மை வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டாள்.

“நாகம்மைக்குப் பிடிச்சுப்போச்சா ஒன்னை?” என்றாள். “காலைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?”

செம்மலை அடுத்த கட்டுக்குப் போய்விட்டிருந்தான்.

“ஆத்தா, அவுக பேரு நான் ஒனக்குச் சொல்லலையே.”

“நீ எதுக்குச் சொல்லணும்? புரட்டாசியிலயே ஆள் விட்டுக் கேட்டா. மானகிரியில வீடு இருக்குன்னு தரகனை ஒங்கிட்ட அனுப்புனதே நான்தான். நேரா வந்து பாத்துப் பிடிச்சாத்தான் சரின்னா. பேசி வச்சதைக் காட்டிக்கிட வேணாம்னு நான் சொல்லிவிட்டேன். அதான் போகச் சொன்னேன்.”

நாச்சியின் கை நிலையைப் பற்றியது. மானகிரி, மானகிரி என்று மாமியார் காலையில் அடித்துக்கொண்டது எதற்கு என்று அவளுக்கு இப்போது விளங்கியது. வெற்றிதான். ஆனாலும் உள்ளே ஓரடி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“நீ சம்மதிச்சிட்டியா?” சோமுவின் குரல் கீழே இறங்கியிருந்தது.

“தையில நாள் பாத்தாச்சு. கோயில்ல சொல்லி மாலை வாங்கணும். ஒங்க அண்ணன் மொத நாளே வாரேன்னிருக்கான்.”

“அண்ணனுக்கும் தெரியுமா?”

“அவனுக்குத் தெரியாம எப்படி? அவனுக்காகத்தான.” தேனம்மை பாக்கை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டாள். “அச்சாபீஸ் போச்சு, சோமு. மிஷினையும் தூக்கிட்டுப் போயிட்டாக. இங்க வந்தப்ப அந்த ரூமுக்குள்ள என் மடியில தலையை வச்சுக்கிட்டு அழுதான். அவன் அழுது நான் பாத்ததில்லை. பிள்ளையை விட்டுக்குடுக்கிற வீட்டுக்கு நாகம்மை ஒரு தொகை குடுக்கிறா. அது வந்தா அவன் எந்திரிச்சுக்கிடுவான்.”

“அப்ப நான்?”

“நீ நல்லாத்தான இருக்கே? நீ நிக்கிறே, அவன் முழுகுறான். நிக்கிறவனை விட்டுத்தான முழுகுறவனைத் தூக்கணும். ஒனக்கு வீடு வருது, கெணறு வருது. நானா ஒன்னைத் தெருவுல விட்டேன்?”

நாச்சி நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

“அந்தத் தொகை ஒங்க பெரிய மகனுக்குப் போகட்டும், அயித்தை. நாங்க கேக்கலை. இந்த வீட்டுல இவுகளுக்கு வர வேண்டிய பங்கு மட்டும் எங்க கைக்கு வந்திரணும். பின்கட்டுல ஓடு மாத்தணும். பிள்ளைக்குக் காதுல ஒண்ணு போடணும்.”

தேனம்மை அன்றைக்கு முதல் தடவையாக மருமகளை நேராகப் பார்த்தாள்.

“எந்தப் பங்கு?”

“இவுக பங்கு.”

“இவுக யாரு? மானகிரிக்காரரு. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இந்த வீட்டுல ஏது பங்கு? மஞ்சத்தண்ணி குடிச்சு எந்திரிச்சா இங்க ஒரு ஓடு கூட அவருக்குக் கிடையாது. எல்லாம் பெரியவனுக்கு. கோயில் பங்காளிகளைக் கேட்டாச்சு.”

“அப்ப எங்களைச் சும்மா அனுப்பிச்சுட்டு, ரெண்டு பக்கமும் அவுகளே…”

“சும்மாவா? தனி வீடு கேட்டே. தனி வீடு வந்திருக்கு.”

“நான் வீடு கேட்டேன், அயித்தை. இன்னொரு மாமியாவையா கேட்டேன்? அந்த ஆச்சி இன்னும் இருபது வருஷம் இருப்பாக, கல்லு மாதிரி இருக்காக…”

“இருந்தா சேவகம் பண்ணு. எனக்குப் பண்ணாததை அவளுக்குப் பண்ணு…”

“ஒங்களுக்குப் பண்ணலையா? கண்ணு ஆபரேஷனுக்கு மதுரையில ஒங்க மலத்தை அள்ளுனது ஒங்க பெரிய மருமகளா? அவுக வந்து எட்டிப் பாத்தாகளா…”

“அவ வரலைன்னாலும் அவ ஆம்பளப் பிள்ளை பெத்திருக்கா. பேரு சொல்ல…”

“அந்தப் பேரனை வச்சு மெட்ராஸ்ல கஞ்சி குடிங்க. போய் நின்னு, அவுக வாசல் திறப்பாகளான்னு பாருங்க…”

“சத்தியமூர்த்தி வரச் சொல்லியிருக்கான். சாமானை எடுத்து வச்சிட்டேன். என் ரூமை எட்டிப் பாரு, தெரியும்…”

அடுப்பு வரிசையிலிருந்து ஆச்சிகள் ஒவ்வொருவராக வந்து கூடத்து ஓரத்தில் நின்றார்கள். இப்போது கேட்காத மாதிரி நடிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த அழகம்மை பையை இறக்காமல் அவர்களுக்கு நடுவில் நின்றாள். இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டே போயின. பங்கு, ஓடு, காதணி, மெட்ராஸ் என்றெல்லாம் கேட்டது. சோமு என்ற பெயர் மட்டும் அதில் ஒரு தடவைகூட வரவில்லை.

அவன் தாயின் முன்னால் தரையில் உட்கார்ந்தான். வலது காலை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டான்.

“ஆத்தா.”

சத்தம் பெரிதில்லை. ஆனாலும் இருவரும் நிறுத்தினார்கள்.

“காலையில நல்ல வேட்டியாக் கட்டிக்கிட்டுப் போன்னு சொன்னே. அதுக்குத்தானா?”

“அழுக்கு வேட்டியோட அனுப்புனா அவ என்ன நெனைப்பா?” என்றாள் தேனம்மை. குரலில் கோபம் இல்லை. கேட்டதற்குச் சொன்னாள், அவ்வளவுதான்.

சோமு தலையை ஆட்டினான். ஓரத்தில் நின்ற ஆச்சிகளைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், பையோடு நிற்கும் மகளைப் பார்த்தான். பிறகு தாயின் கண்ணைப் பார்த்துக் கேட்டான், கடையில் ஒரு துணியின் விலையை விசாரிக்கிற அதே மெதுவான குரலில்.

“நாகம்மை ஆச்சி அண்ணனைக் கேட்டிருந்தா, குடுத்திருப்பியா ஆத்தா?”